குரலுக்கும் முத்திரை வேண்டும்



நம் வியாபாரம் குரலை நம்பி நடப்பது. "அண்ணாச்சி, பத்து மூட்டை துவரம்பருப்பு ஏத்தி விடுங்க" என்று போனில் சொன்னால் போதும், சரக்கு லாரியில் ஏறிவிடும். நமக்குக் குரல்தான் கையொப்பம். அந்தக் கையொப்பத்தையே இன்று கள்ளத்தனமாகப் போட முடிகிறது.

2019-இல் பிரிட்டனில் ஓர் எரிசக்தி நிறுவனத்தின் தலைவருக்கு, ஜெர்மனியில் உள்ள தாய் நிறுவனத்தின் மேலதிகாரி பேசுவது போலவே போன் வந்தது. குரலை நம்பி 2,20,000 யூரோவை அனுப்பிவிட்டார். மறுபடியும் பணம் கேட்டு வந்த போன் ஆஸ்திரியா எண்ணிலிருந்து வந்தபோதுதான் சந்தேகம் தட்டியது.

இதற்கு மாற்றாக வந்திருப்பதுதான் குரல் வாட்டர்மார்க். ரூபாய் நோட்டை வெளிச்சத்தில் பிடித்தால் காந்தி உருவம் தெரிகிறதல்லவா? அதுபோல, கம்ப்யூட்டர் செய்யும் குரலுக்குள் காதுக்கு எட்டாத ஓர் அடையாளத்தைக் கலந்துவிடுகிறார்கள். கூகுள் தன் 'சின்த்ஐடி' முறையை 2023-இல் ஒலிக்கும் கொண்டுவந்தது. மெட்டா 2024-இல் வெளியிட்ட 'ஆடியோசீல்', பதிவில் எந்தப் பகுதி செயற்கை என்றும் காட்டும். எந்தக் கருவியில் செய்தது என்று தடம் பிடிக்கவும் உதவும்.

நல்லதுதான். ஆனால் அடையாளம் இல்லாத குரலெல்லாம் உண்மைக் குரல் ஆகிவிடாது. அடையாளம் இடாத கருவியைத் திருடன் தேடிப் பிடிப்பான். இட்டதை அழிக்கவும் வழி தேடுவான்.

எடைக்கல்லில் முத்திரை இல்லையென்றால் நமக்கு அபராதம். குரல் செய்யும் கருவிக்கும் அந்த நியாயம் வேண்டும். மத்திய அரசு 2026 பிப்ரவரியில் விதிகளைத் திருத்தி, செயற்கைப் பதிவுகளுக்கு அடையாளத்தைக் கட்டாயமாக்கியதை வரவேற்கிறோம். ஆனால் எடைக்கல் முத்திரையை வாடிக்கையாளர் கண்ணால் பார்க்கலாம். குரல் முத்திரையைப் பார்க்கத் தனிக் கருவி வேண்டும். கல்லாவில் உட்கார்ந்திருப்பவரின் போனிலேயே, செலவில்லாமல், அந்தச் சோதனை வசதி வர வேண்டும். இதுவே நம் கோரிக்கை.

அதுவரை நமக்கு நாமே காவல். புதிய வங்கிக் கணக்கைச் சொல்லி யார் பணம் கேட்டாலும், போனை வைத்துவிட்டு, நம் பேரேட்டில் உள்ள எண்ணுக்கு நாமே கூப்பிட்டுக் கேட்போம். பழைய பார்ட்டி கோபித்துக்கொண்டால் ஒரு டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானப்படுத்தலாம். போன பணத்தைச் சமாதானப்படுத்தித் திருப்ப முடியாது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930-க்குச் சொல்வோம்.