இந்த அசைவு யாருடையது?

நம் பள்ளிகளில் நடனக் குழுக்களுக்குக் குறைவில்லை. சீன நடனம், மலாய் நடனம், இந்திய நடனம், நவீன நடனம் எனப் பல குழுக்கள் இணைப்பாட நடவடிக்கைகளாக இயங்குகின்றன. 1967ஆம் ஆண்டில் தொடங்கிய சிங்கப்பூர் இளையர் விழாவில் இக்குழுக்களின் ஆட்டத்தைக் காண்போர், மாணவர்களின் ஒழுங்கையும் உழைப்பையும் பாராட்டுகிறார்கள். அந்தப் பாராட்டு நியாயமானதே. ஆனால், ஒரு கேள்வி மட்டும் அரிதாகவே எழுகிறது. மேடையில் நாம் காணும் அசைவுகளை உருவாக்கியவர் யார்?

பல பள்ளிகளில் அவற்றை உருவாக்குபவர் பயிற்றுவிப்பாளர். மாணவர்கள் அவற்றைக் கற்றுக்கொண்டு, வியர்வை சொட்டச் சொட்டப் பயிற்சி செய்து, பிழையின்றி ஆடிக் காட்டுகிறார்கள். கட்டுரை எழுதும் மாணவரிடம், “உன் சொந்தக் கருத்தை எழுது” என்கிறோம். ஓவியம் தீட்டும் மாணவரிடம், “பார்த்து வரையாதே” என்கிறோம். நடனத்தில் மட்டும், பிறர் படைத்ததை மனப்பாடம் செய்து ஒப்பித்தால் போதும் என்று இருந்துவிடுகிறோம். இது எனக்கு வியப்பாக இருக்கிறது.

ஒவ்வொரு பள்ளி நடனக் குழுவும் ஆண்டுக்கு ஒரு முறையாவது, மாணவர் ஒருவர் வடிவமைத்த குழு நடனத்தை மேடையேற்ற வேண்டும் என்பது என் கருத்து. அது நவீன நடனமாக இருந்தால் இன்னும் நல்லது. பரதநாட்டியத்திற்கு அடவுகளும் முத்திரைகளும் கொண்ட இலக்கணம் உண்டு. அந்த இலக்கணம் கைவரப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குப் பிறகே அதில் புதிதாக ஒன்றைப் படைக்க முடியும். நவீன நடனத்திலோ நடப்பது, விழுவது, சாய்வது, திரும்பிப் பார்ப்பது போன்ற அன்றாட அசைவுகளிலிருந்தே தொடங்கலாம். அதனால், ‘நவீன நடனம் என்றால் எப்படி வேண்டுமானாலும் ஆடலாம்’ என்று நினைத்துவிட வேண்டாம். கொடுத்த இலக்கணம் இல்லாத இடத்தில், தன் ஆட்டத்திற்கு வேண்டிய ஒழுங்கைப் படைப்பவரே கண்டுபிடிக்க வேண்டும். அது எளிய வேலையன்று.

இளம் வயதினரால் இதெல்லாம் முடியுமா என்று ஐயப்படுவோர், சிங்கப்பூரின் நடன வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்க்கலாம். திருமதி சாந்தா பாஸ்கர் 1958ஆம் ஆண்டில், சீனர்களிடையே புகழ்பெற்ற ‘பட்டாம்பூச்சிக் காதலர்கள்’ கதையைப் பரதநாட்டியமாக வடிவமைத்தார். அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. கேரளத்திலிருந்து இங்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. தாம் வாழ வந்த ஊரின் கதை ஒன்றைத் தமக்குத் தெரிந்த நடனமொழியில் சொல்லிப் பார்க்க அவர் துணிந்தார். பின்னாளில் அவருக்குக் கலாசாரப் பதக்கம் கிடைத்தது. ஆனால், பதக்கம் கிடைக்கும் வரை அவர் படைக்கக் காத்திருக்கவில்லை.

சரி, மாணவர் ஒருவரிடம் இந்தப் பொறுப்பைக் கொடுத்தால் அவர் எங்கிருந்து தொடங்குவது? பலரும் ‘உலக அமைதி’, ‘இயற்கையைக் காப்போம்’ போன்ற பெரிய தலைப்புகளைத்தான் முதலில் தேடுவார்கள். அவை நல்ல தலைப்புகளே. ஆனால், உலக அமைதியை முழங்காலால் எப்படிக் காட்டுவது? அந்தக் கேள்வியில் பயிற்சி நின்றுவிடும். உடல் அறிந்த ஒன்றிலிருந்து தொடங்குவதே நல்லது.

எடுத்துக்காட்டாக, காலை நேரத்து எம்ஆர்டி ரயிலை எடுத்துக்கொள்வோம். பள்ளிக்குச் செல்லும் மாணவர்களும் வேலைக்குச் செல்வோரும் நெருக்கியடித்து நிற்கிறார்கள். ஒருவர் இரு கால்களுக்கும் இடையில் பையை வைத்துக்கொண்டு நிற்கிறார். உறங்கிக்கொண்டிருப்பவரின் தலை சிறிது சிறிதாகப் பக்கத்தில் இருப்பவரின் தோளை நோக்கிச் சரிகிறது. ரயில் வேகம் குறையும்போது எல்லாரும் ஒரே பக்கம் சாய்கிறார்கள். கதவு திறந்ததும் இறங்குவோரும் ஏறுவோரும் ஒருவரை ஒருவர் உரசிக்கொண்டு கடக்கிறார்கள். எட்டுப் பேர் ஆடும் நடனம் ஒன்றுக்கு இதில் வேண்டிய அளவுக்குச் சரக்கு இருக்கிறது.

இந்த இடத்தில் மாணவ வடிவமைப்பாளர் முன் இரண்டு வழிகள் உள்ளன. வீட்டில் கண்ணாடி முன் நின்று எல்லா அசைவுகளையும் தாமே உருவாக்கி, மறுநாள் வந்து, “நான் செய்வதைப் பார்த்துச் செய்யுங்கள்” என்று சொல்லலாம். இல்லையென்றால், குழுவினரிடம் ஒரு கேள்வியைக் கேட்கலாம். “ரயில் திடீரென்று நின்றால் உன் உடலில் முதலில் அசைவது எது?” ஒருவருக்கு முழங்கால் மடங்கும். இன்னொருவரின் கை தன்னையறியாமல் பையைப் பற்றும். மூன்றாமவர் முன்னே நிற்பவர்மீது மோதிவிடக் கூடாதே என்று வயிற்றை உள்ளிழுப்பார். எட்டுப் பேரிடமிருந்து எட்டு விடைகள் கிடைக்கும். ஜெர்மனியைச் சேர்ந்த புகழ்பெற்ற நடன வடிவமைப்பாளர் பீனா பௌஷ் இப்படித்தான் தம் கலைஞர்களிடம் கேள்விகளைக் கேட்டு, அவர்கள் அளித்த விடைகளிலிருந்தே தம் படைப்புகளை உருவாக்கினார். என்னைக் கேட்டால், பள்ளிகளுக்கு மிகவும் பொருந்துவது இரண்டாவது வழிதான்.

கேள்வி கேட்டதோடு வடிவமைப்பாளரின் வேலை முடிந்துவிடுவதில்லை. கிடைத்த எட்டு அசைவுகளில் எது முதலில் வர வேண்டும், எது வேண்டாம், எதை இரண்டு முறை காட்ட வேண்டும் என்று அவரே முடிவு செய்ய வேண்டும். தேர்ந்தெடுத்தவற்றை எட்டு எண்ணிக்கைக்குள் அடங்கும் ஓர் அசைவுத் தொடராகக் கோத்துவிட்டால், அதை வைத்தே பல நிமிடங்களை நிரப்பலாம். எல்லாரும் சேர்ந்து ஆடலாம். இரண்டு எண்ணிக்கை இடைவெளி விட்டு ஒருவர் பின் ஒருவராகத் தொடங்கினால், ரயில் பெட்டி முழுவதும் ஓர் அலை ஓடுவது போலத் தோன்றும். அதே தொடரைத் தரையில் படுத்தபடி ஆடலாம். கடைசி அசைவிலிருந்து முதல் அசைவுக்குப் பின்னோக்கி ஆடலாம். நான்கு மடங்கு மெதுவாக ஆடலாம். புதுப்புது அசைவுகளைக் குவிப்பதைவிட, இருக்கும் சிலவற்றைப் பல கோணங்களில் காட்டுவதே பார்வையாளர் மனத்தில் நிற்கும்.

ஒருமித்து ஆடுவதைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ‘அச்சில் வார்த்தாற்போல் ஆடினார்கள்’ என்பதே பள்ளி நடனங்களுக்கு நாம் கொடுக்கும் மிக உயர்ந்த பாராட்டு. எட்டுக் கைகள் ஒரே கணத்தில் உயர்வது அழகுதான். ஆனால், ஐந்து நிமிடமும் அப்படியே இருந்தால் நாம் எட்டு மனிதர்களைப் பார்ப்பதில்லை. ஒரே மனிதரின் எட்டு நகல்களைப் பார்க்கிறோம். ஏழு பேர் ஒன்றாகச் சாயும்போது ஒருவர் மட்டும் அசையாமல் நின்று பார்க்கட்டும். அரங்கிலுள்ள அத்தனை கண்களும் அவர்மேல்தான் பதியும். ‘இவர் ஏன் நிற்கிறார்? இவருக்கு என்ன நேர்ந்தது?’ என்று பார்வையாளர் யோசிக்கத் தொடங்குவார்.

அந்த இடத்தில் யாரை நிற்க வைப்பது என்பதில் வடிவமைப்பாளரின் மனம் வெளிப்பட்டுவிடும். எல்லா நடனக் குழுக்களிலும் ஒரு பின்வரிசை உண்டு. காலை உயரத் தூக்கக்கூடியவர்கள், நன்றாகத் துள்ளக்கூடியவர்கள் முன்வரிசைக்கு வந்துவிடுவார்கள். மற்றவர்கள் பின்னால் நின்று மேடையை நிரப்புவார்கள். அப்படி இரண்டு மூன்று ஆண்டுகளைப் பின்வரிசையிலேயே கழித்துவிட்டு, ஒருமுறைகூடத் தனியாக யாராலும் பார்க்கப்படாமல் பள்ளியை விட்டுச் செல்லும் மாணவர்கள் இருக்கிறார்கள். ரயிலைப் பற்றிய நடனத்தில் காலை உயரத் தூக்கத் தேவையே இல்லை. களைப்போடு நிற்கத் தெரிந்தால் போதும். அதை மிக உண்மையாகச் செய்பவர் பின்வரிசையில் இருக்கக்கூடும். பெரியவர்கள் வடிவமைக்கும்போதும் இது நடக்கலாம். ஆனால், வாரத்தில் ஓரிரு நாள் மட்டும் வரும் பயிற்றுவிப்பாளரைவிட, அன்றாடம் உடன் படிக்கும் மாணவருக்குத் தன் நண்பர்களை நன்றாகத் தெரியும் அல்லவா?

நண்பர்களை வைத்து நடனம் அமைப்பதில் சங்கடங்களும் உண்டு. ஆசிரியர், “இது வேண்டாம்” என்றால் மாணவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். அதையே உடன் படிப்பவர் சொன்னால், “நீ யார் சொல்ல?” என்று முகம் சுளிப்பார்கள். நெருங்கிய தோழி ஆசையாகச் செய்துகாட்டிய அசைவை நீக்க வேண்டி வரும். அப்போது, “உன் அசைவு நன்றாக இல்லை” என்பதற்கும், “இந்த இடத்தில் ரயில் நிற்க வேண்டும், உன் அசைவோ அதை ஓடவைக்கிறது” என்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஒருவர் கற்றுக்கொள்வார். ஆளைக் குறை சொல்லாமல் வேலையைப் பற்றிப் பேசுவது பெரியவர்களுக்கே எளிதாக வருவதில்லை. பதினைந்து வயதில் அதைப் பழகிக்கொள்ள இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. இதே காரணத்தால், மாணவ வடிவமைப்பாளர் தாமும் சேர்ந்து ஆடாமல் இருப்பது நல்லது. மண்டபத்தின் கடைசியில் போய் நின்று பார்த்தால்தான் முழு ஆட்டமும் தெரியும். கைப்பேசியில் எடுத்த காணொளி, மேடையின் ஆழத்தைக் காட்டாது.

இசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலான மாணவர்கள் முதலில் ஒரு பாட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அந்தப் பாட்டின் சொற்களையே ஆடத் தொடங்குகிறார்கள். பாட்டில் மழை வந்தால் விரல்கள் கீழிறங்கும். இதயம் வந்தால் கை நெஞ்சுக்குப் போகும். (கண்ணீர் வந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.) அமெரிக்க நடன வடிவமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாம், இசையமைப்பாளர் ஜான் கேஜுடன் இணைந்து பணியாற்றியபோது, இசையையும் நடனத்தையும் தனித்தனியாகவே உருவாக்கினார்கள். இரண்டும் மேடையில்தான் சந்தித்துக்கொண்டன. மாணவர்கள் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. முதல் சில வாரங்கள் இசையின்றிப் பயிற்சி செய்துவிட்டு, பிறகு பொருத்தமான இசையைத் தேடினாலே போதும். மூச்சுச் சத்தமும் காலடி ஓசையும் நடனத்திற்கு எவ்வளவு தாளம் தருகின்றன என்று அப்போது புரியும்.

இந்தக் கருத்தை மறுப்போர் சொல்லும் காரணங்களை நான் அறிவேன். பாதுகாப்பைப் பற்றிய அச்சம் சரியானதே. ஒருவரை ஒருவர் தூக்குவதும் உயரத்திலிருந்து விழுவதும் பயிற்றுவிப்பாளர் உடன் இருக்கும்போது மட்டுமே நடக்க வேண்டும். பாடச்சுமைக்கு நடுவே நேரம் ஏது என்ற கேள்விக்கும் விடை உண்டு. பத்து நிமிட நாட்டிய நாடகத்தை யாரும் கேட்கவில்லை. நான்கு நிமிட நடனம் போதும்.

ஆனால், மாணவர் படைப்பின் தரம் குறைவாக இருக்கும் என்பதே பலரும் வெளியில் சொல்லத் தயங்கும் காரணம். ஆம், சில நேரம் குறைவாகத்தான் இருக்கும். தொடக்கம் நீளமாகவும், முடிவு திடீரென்றும் அமையலாம். விழாவில் சிறந்த சான்றிதழ் பெற வேண்டும் என்று பள்ளி எண்ணினால், மாணவர் படைப்பை அங்கு கொண்டுபோக வேண்டியதில்லை. ஆண்டிறுதி நிகழ்ச்சியிலோ, இடைவேளையின்போது பள்ளி மண்டபத்திலோ ஆடட்டும். கூடாதது வேறொன்று. அரைகுறையாக இருக்கிறதே என்று பொறுக்க முடியாமல் ஆசிரியர் ஒவ்வோர் இடமாகத் திருத்திக்கொண்டே போவார். கடைசியில் அது ஆசிரியரின் நடனமாகிவிடும், பெயர் மட்டும் மாணவருடையதாக இருக்கும். அதைவிட, “இந்த இடத்தில் எட்டுப் பேரும் ஏன் வெளியேறுகிறார்கள்?” என்று கேட்டுவிட்டு ஆசிரியர் நகர்ந்துவிடலாம். விடை அடுத்த வாரப் பயிற்சியில் வரட்டும்.

நிகழ்ச்சிக் கையேட்டிலும் ஒரு மாற்றம் வேண்டும். பள்ளியின் பெயர், குழுவின் பெயர், பொறுப்பாசிரியரின் பெயர் ஆகியவற்றோடு வடிவமைத்த மாணவரின் பெயரையும் அச்சிட வேண்டும். அதன் கீழே, அசைவுகளைத் தந்த எட்டுப் பேரின் பெயர்களும் இடம்பெற வேண்டும், பின்வரிசையில் நின்றவர் பெயர் உட்பட.