கோயில் கூரைக்கு வந்த வெயில் பள்ளிக்கூடக் கூரைக்கு வராதா?



பொங்கலுக்கு ஓமந்தைக்கு வந்த இடத்தில் இதை எழுதுகிறேன். 77 கலவரத்துக்குப் பிறகு என் தாத்தாவும் அப்பாயியும் மலையை விட்டு இறங்கி, காடு வெட்டிக் குடியேறிய மண் இது. காந்தியம் இயக்கம் வவுனியாப் பக்கம் நம் ஆட்களுக்கு நிலம் காட்டிய காலம் அது. அவர்கள் இறங்கிய மலைக்கே நான் திரும்ப ஏறிப்போய், மாதம் 6,000 ரூபாவுக்கு ஆசிரிய உதவியாளராகச் சேர்ந்து, இன்றைக்கும் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன்.

ஓமந்தையின் பெயர் போன வருஷம் பெரிய செய்திகளில் அடிபட்டது. 2025 ஏப்ரல் 6ஆம் திகதி, புதுப்பித்த மஹவ – ஓமந்தை ரயில் பாதையை இந்தியப் பிரதமர் அநுராதபுரத்தில் திறந்து வைத்தார். 128 கிலோமீற்றர். நல்ல காரியம், நானும் அதில்தான் வந்தேன். நான் பேச வருவது அதற்கு முதல் நாள் கொழும்பில் நடந்ததைப் பற்றி. 25 மாவட்டங்களிலும் 5,000 வணக்கத் தலங்களின் கூரையில் சோலார் பொருத்தும் திட்டம் அன்றைக்குத் தொடங்கி வைக்கப்பட்டது. இந்தியாவின் மானியம் 1 கோடி 70 இலட்சம் டொலர். மொத்தம் 25 மெகாவாற்று. கணக்குப் போட்டால் ஒரு தலத்துக்கு 5 கிலோவாற்று, 3,400 டொலர், நம் காசில் சுமார் பத்து இலட்சம் ரூபா.

விகாரையோ, கோயிலோ, பள்ளிவாசலோ, தேவாலயமோ, அவர்களுக்குக் கிடைத்ததில் எனக்குப் பொறாமை இல்லை. எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குக் கிடைத்தால் நானே பொங்கல் வைப்பேன். ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். சூரியன் எப்போது காய்கிறது? பகலில். கோயிலில் விளக்கும் ஒலிபெருக்கியும் அதிகம் வேலை செய்வது எப்போது? விடியலிலும் அந்தியிலும். காலை ஏழரையிலிருந்து பகல் ஒன்றரை வரை, வெயில் ஏறும் அதே நேரத்தில் மின்சாரம் தேவைப்படும் கட்டடம் எது? பள்ளிக்கூடம். வணக்கத் தலங்களுக்கு மின்கட்டணத்திலும் ஏற்கெனவே தனிச் சலுகை வகுப்பு இருக்கிறது. அப்படியிருக்க, சூரியனுக்கு மிகப் பொருத்தமான கூரையை விட்டுவிட்டுப் பட்டியல் போட்டது என்ன நியாயம்?

“பாடசாலைக்கு வேறு திட்டம் இருக்கிறது” என்பார்கள். இருக்கட்டும், பேசுவோம். 2016இல் ‘சூரிய பல சங்கிராமய’ தொடங்கியது. கூரையில் உற்பத்தி செய்து மின்சார சபைக்கு விற்கலாம் என்றார்கள். யாரால் முடிந்தது? தகடு வாங்கக் கையில் காசு இருந்தவரால். கொழும்பு மாடி வீடுகளும், தேயிலைத் தொழிற்சாலைக் கூரையில் தகடு போட்ட கம்பனிகளும் போய்ச் சேர்ந்தார்கள். அதே தொழிற்சாலைக்குக் கொழுந்து கொண்டுபோய்க் கொட்டும் அம்மாவின் பிள்ளை, கீழே உள்ள பள்ளிக்கூடத்தில் மங்கிய வெளிச்சத்தில் கரும்பலகையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு 2021 ஜூனில் இந்தியாவுடன் 10 கோடி டொலர் கடனுதவி ஒப்பந்தம். வீடுகளுக்கும் அரச கட்டடங்களுக்கும் கூரைச் சோலார் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. பாடசாலை அரச கட்டடம்தானே? அந்தப் பணத்தில் எத்தனை பாடசாலைக் கூரைக்குத் தகடு ஏறியது, அதில் தோட்டப் பாடசாலை எத்தனை என்று வலய வாரியாகப் பட்டியல் போடுங்கள். நாங்கள் வாசித்துக்கொள்கிறோம்.

2022 ஓகஸ்டில் மின்கட்டணம் 75 வீதம் ஏறியது. அடுத்த பெப்ரவரியில் இன்னும் 66 வீதம். என் பாடசாலையில் அப்போது என்ன செய்தோம் தெரியுமா? கணினி அறையைப் பூட்டினோம். வாரத்துக்கு ஒரு தடவை திறந்து, நாலு பிள்ளைக்கு ஒரு கணினி என்று அரை மணித்தியாலம். போட்டோக்கொப்பி இயந்திரத்துக்குத் துணி போர்த்தி வைத்தோம். அபிவிருத்திச் சங்கத்தில் காசு சேர்க்கலாம் என்று ஒருவர் சொன்னபோது ஒரு தாய் எழும்பி, “சேர், வீட்டு பில்லையே மூணு மாசமா கட்டல” என்றார். அதற்கு மேல் அந்தக் கூட்டத்தில் யாரும் வாய் திறக்கவில்லை.

அதிகாரிகள் சொல்லும் இன்னொரு காரணம், பகலில் மின்சாரம் மிஞ்சுகிறது என்பது. 2025 புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலாரை மாலை வரை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபையே கேட்டது உண்மைதான். விடுமுறையில் பள்ளிக்கூடமும் பூட்டித்தான் இருக்கும், அதையும் ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் வெறும் தகடு போதாது, பட்டரியோடு தா என்கிறோம். பலருக்குத் தெரியாத விஷயம் இது: பட்டரி இல்லாமல் மின்சார சபை லைனோடு மட்டும் இணைத்த சோலார், லைனில் மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்யும் ஊழியருக்கு ஆபத்து வரக்கூடாது என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். வெயில் கொளுத்தினாலும் வகுப்பறை இருட்டுத்தான்.

டித்வா புயலை மறக்க முடியுமா? கடந்த நவம்பர் கடைசியில் மலை சரிந்தபோது லயத்து ஜனங்கள் ஓடி ஒதுங்கியது பள்ளிக்கூடங்களில்தான். கரண்ட் இல்லை, போன் செத்துவிட்டது, அடுத்த தோட்டத்தில் உறவினர் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்க வழியில்லை. ஒரு பட்டரிப் பெட்டி இருந்திருந்தால் நூறு போனுக்குச் சார்ஜ் ஏற்றியிருக்கலாம், குழந்தைப் பிள்ளைக்காரிக்கு ஒரு பல்ப் எரிந்திருக்கும்.

மலையில் மூட்டம் அதிகம், வெயில் குறைவு என்று ஒரு பொறியியலாளர் என்னிடம் சொன்னார். சரி. ஓமந்தை மாதிரி வன்னி வெயிலில் 5 கிலோவாற்றுத் தொகுதி நாளுக்கு ஏறத்தாழ 20 அலகு தருமென்றால், மலையில் அதைவிடக் குறையும். அதற்கேற்பத் தகட்டைக் கூட்டிப் போடுங்கள். வன்னிப் பாடசாலைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இங்கே வெயில் வீணாய்ப் போகிறது. மலையோ வன்னியோ, இரண்டு பக்கமும் நம் பிள்ளைகள்தான்.

கூரை விஷயத்தில் நாமும் கண்ணை மூடக்கூடாது. பல தோட்டப் பாடசாலைக் கட்டடங்கள் பழையவை. துருப்பிடித்த தகரத்திலும் வெடித்த அஸ்பெஸ்டஸிலும் தகட்டை ஏற்றினால் பிள்ளைகள் தலையில்தான் விழும். ஆகவே கூரை திருத்தும் பணமும் அதே ஒதுக்கீட்டில் வரவேண்டும். “கூரையை வாடகைக்குத் தாருங்கள், நாங்களே போடுகிறோம்” என்று எந்தக் கம்பனி வந்தாலும், இருபது வருஷத்துக்கு வருமானம் யாருக்கு, பழுதானால் செலவு யாருக்கு என்று எழுத்தில் வாங்காமல் அதிபர் கையெழுத்து வைக்கக்கூடாது.

மாசி மாதக் கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு தோட்டத் தலைவரும் தலைவியும் தங்கள் பாடசாலை அதிபரைப் பாருங்கள். கடைசி ஆறு மாத மின்பட்டியலின் பிரதி, கட்டடம் கட்டிய ஆண்டு, கூரையின் வகை, பகலில் எத்தனை மணித்தியாலம் கரண்ட் போகிறது என்ற விபரம், புயலின்போது எத்தனை பேர் தங்கினார்கள் என்ற எண்ணிக்கை, இவற்றை ஒரு தாளில் எழுதி மாவட்டக் காரியாலயத்தில் கொடுங்கள். கல்வி அமைச்சுக்கும் மின்சக்தி அமைச்சுக்கும் இந்தியத் தூதரகத்துக்கும் போகும் மகஜரோடு அந்தத் தாள்களை அப்படியே இணைக்கப்போகிறோம். அதிபர் பட்டியலைத் தரத் தயங்கினால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள், நான் வந்து பேசுகிறேன்.