சிறிய சுற்றுப்பாதையில் பெரிய பந்தயத்துக்கு இடம் உண்டா?

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், மலைச்சரிவுகளுக்கு நடுவே அமைந்துள்ள லைம் ராக் பந்தயத்திடலில் 2023ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் தேதி ஒரு ஸ்போர்ட்ஸ் கார் பந்தயம் நடைபெற்றது. வட அமெரிக்காவின் முதன்மைத் தொடரை நடத்தும் இம்சா அமைப்பின் பந்தயம் அது. அடுத்த ஆண்டுக்கான அட்டவணை வெளியானபோது அதில் லைம் ராக்கின் பெயர் இல்லை. 2025ஆம் ஆண்டு அட்டவணையிலும் அது இடம்பெறவில்லை.

ஒரு திடல் அட்டவணையிலிருந்து நீங்குவது பந்தய உலகில் புதுமையான செய்தி அல்ல. ஆனால் இங்கே நீங்கியிருப்பது ஒரு வகைத் திடல். நீளம் குறைந்த, ஊரை ஒட்டிய, பார்வையாளர்கள் நிரந்தர மாடங்களில் அமராமல் புல்வெளிச் சரிவில் விரிப்பு விரித்து அமர்ந்து பார்க்கும் திடல் அது. பல பிரிவுக் கார்கள் ஒரே நேரத்தில் ஓடும் பந்தய முறை வளர்ந்து செழித்த காலத்திலேயே அதற்கு இந்த நிலை ஏற்பட்டிருப்பதுதான் கவனிக்கத்தக்கது.

பல பிரிவுப் பந்தயம் என்பதைச் சுருக்கமாக விளக்கலாம். பந்தயத்துக்கென்றே வடிவமைக்கப்பட்ட, எடை குறைந்த, அதிவேக புரோட்டோடைப் கார்கள் ஒரு பிரிவாகவும், கடைகளில் விற்கப்படும் கார்களின் உருவத்தைக் கொண்ட ஜி.டி. கார்கள் வேறு பிரிவாகவும் ஒரே பாதையில் ஓடுகின்றன. ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி வெற்றியாளர் உண்டு. ஆகவே வேகமான காரின் ஓட்டுநர் தன் பிரிவின் போட்டியாளருடன் மோதுவதோடு, தனக்கு எவ்விதப் போட்டியும் இல்லாத மெதுவான கார்களையும் ஓயாமல் கடந்து செல்ல வேண்டியிருக்கிறது. மெதுவான காரின் ஓட்டுநரோ, தன் போட்டியைக் கைவிடாமலே பின்னால் வருபவர்களுக்கு வழிவிட வேண்டும். நீலக்கொடி அவரை எச்சரிக்கும். ஆயினும் பாதுகாப்பாகக் கடந்து செல்லும் பொறுப்பு, கடப்பவரையே சாரும் என்பது அமெரிக்கப் பந்தயங்களின் பொது நெறி.

பாதையின் நீளம் இந்த ஏற்பாட்டை எந்த அளவுக்கு மாற்றுகிறது என்பதை ஓர் எளிய கணக்கால் புரிந்துகொள்ளலாம். லெ மான் சுற்றுப்பாதை 13.6 கிலோமீட்டர் நீளமுடையது. வேகமான கார் ஒரு சுற்றை 210 வினாடிகளிலும் ஜி.டி. கார் 240 வினாடிகளிலும் முடிப்பதாகக் கொண்டால், குறிப்பிட்ட ஒரு ஜி.டி. காரை அந்த வேகமான கார் 28 நிமிடங்களுக்கு ஒரு முறைதான் சந்திக்கும். லைம் ராக்கின் நீளம் ஏறத்தாழ 2.4 கிலோமீட்டர் மட்டுமே. அங்கே 46 வினாடிக்கும் 54 வினாடிக்கும் உள்ள வேறுபாடு என்று வைத்துக்கொண்டால், அதே சந்திப்பு ஐந்து நிமிடங்களுக்கு ஒரு முறை நிகழும். வேகமான கார்கள் பத்து இருந்தால், மெதுவான காரின் ஓட்டுநர் அரை நிமிடத்துக்கு ஒருவரை வழியனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அதாவது ஒரு சுற்றை முடிப்பதற்குள் இரண்டு பேர்.

அந்தப் பாதையின் அமைப்பும் இதற்குத் துணைசெய்வதில்லை. ஏழு வளைவுகளில் ஒன்றைத் தவிர அனைத்தும் வலப்புறம் திரும்புபவை. கடைசி வளைவு ஒரு வேகமான இறக்கம். அங்கே சரியான கோட்டைவிட்டு ஒதுங்கி வழிவிடும் ஓட்டுநர், அடுத்து வரும் நேர்பாதை முழுவதும் அதற்கான விலையைச் செலுத்துவார்.

வேகமான கார் எப்போதும் வெல்லும் என்ற எதிர்பார்ப்பும் இத்தகைய குறுகிய இடங்களில் பொய்த்துப்போவதுண்டு. அமெரிக்கன் லெ மான் தொடரில் 2007ஆம் ஆண்டு நடந்தது இதற்குத் தக்க சான்று. மேல் பிரிவில் ஆவ்டி நிறுவனத்தின் ஆற்றல்மிக்க டீசல் கார் ஓடியது. கீழ்ப் பிரிவில் பென்ஸ்கி அணி, எடை குறைந்த போர்ஷே ஆர்எஸ் ஸ்பைடர் கார்களை ஓட்டியது. அந்த ஆண்டின் 12 பந்தயங்களில் 8 பந்தயங்களின் ஒட்டுமொத்த வெற்றி கீழ்ப் பிரிவுப் போர்ஷேவுக்கே கிடைத்தது. வளைவுகளும் நெரிசலும் மிகுந்த சிறிய பாதைகளில் குதிரைத் திறனைவிட எடைக்குறைவும் விரைந்து திரும்பும் தன்மையும் கூடுதல் பயன் தந்தன. பார்வையாளருக்கு அது விருந்து. மேல் பிரிவுக்காகப் பெருந்தொகை செலவிட்ட நிறுவனத்துக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல.

பணம் கட்டி ஓட்டுபவர்

இந்தப் பந்தய முறையின் பொருளாதார அடித்தளத்தைப் பற்றி ரசிகர்கள் அதிகம் பேசுவதில்லை. ஓட்டுநர்களை பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று சர்வதேசக் கூட்டமைப்பு தரம் பிரிக்கிறது. இம்சா தொடரின் ஜி.டி.டி. பிரிவில் ஒவ்வொரு காரிலும் வெள்ளி அல்லது வெண்கலத் தரம் பெற்ற ஒருவராவது இருந்தாக வேண்டும். வெண்கலத் தரம் பெற்றவர் பெரும்பாலும் வேறு தொழிலில் பொருளீட்டியவர். அணியின் செலவில் கணிசமான பங்கை ஏற்பவரும் பல நேரங்களில் அவரே. தொழில்முறை ஓட்டுநருக்குச் சம்பளம் கிடைப்பது அவருடைய ஆர்வத்தால்தான். ஆனால் பாதையில் தொழில்முறை ஓட்டுநருக்கு மிகப்பெரிய இடையூறாக இருப்பவரும் அவரே.

தமிழ் ரசிகர்களுக்கு இந்த ஏற்பாடு முற்றிலும் அயலானதல்ல. 2025 ஜனவரியில் நடந்த துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித் குமாரின் அணி 992 பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது. ஒட்டுமொத்த வரிசையில் முன்னே பல கார்கள் இருக்க, மூன்றாம் இடம் எப்படி வந்தது என்று வியந்தவர்களுக்கு விடை இந்தப் பிரிவு முறையில்தான் இருக்கிறது.

தரவேறுபாடு உயிராபத்தாக மாறிய நிகழ்வுகளும் உள்ளன. சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக், லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் போட்டியிட்ட முதல் இந்தியராக ஆறாம் இடம் பெற்றது 2012ஆம் ஆண்டில். அதே பந்தயத்தில்தான் அந்தோணி டேவிட்சனின் டொயோட்டா, தொழில்முறை சாராத ஓட்டுநர் ஒருவரின் ஃபெராரியைக் கடக்கும்போது மோதி வானில் எழும்பியது. டேவிட்சனின் முதுகெலும்பில் இரு எலும்புகள் முறிந்தன. 13.6 கிலோமீட்டர் பாதையிலேயே இந்த நிலை என்றால், 2.4 கிலோமீட்டரில் நெரிசல் எத்தகைய பொறுமையைக் கோரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

லைம் ராக்கின் வரலாற்றிலேயே இந்த ஆபத்தின் நிழல் விழுந்திருக்கிறது. 1957இல் திறக்கப்பட்ட இத்திடலின் முதல் மேலாளர் ஜான் ஃபிட்ச். 1955 லெ மான் பந்தயத்தில் மெர்சிடிஸ் காரைப் பகிர்ந்து ஓட்டுவதற்காகப் பியர் லெவேயுடன் சேர்ந்திருந்தவர் அவர். லெவே ஓட்டிக்கொண்டிருந்தபோது, முன்னே திடீரென விலகிய வேகம் குறைந்த ஆஸ்டின் ஹீலி மீது மெர்சிடிஸ் மோதிப் பார்வையாளர் கூட்டத்தில் சிதறியது. 80க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வெவ்வேறு வேகமுடைய கார்கள் ஒரே குறுகிய சாலையில் சந்தித்ததன் விளைவு அது. ஃபிட்ச் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைப் பாதுகாப்புச் சாதனங்களுக்காகச் செலவிட்டார். வட அமெரிக்க நெடுஞ்சாலைகளில் சாலை பிரியும் இடங்களில் மணல் நிரப்பிய மஞ்சள் நிறப் பீப்பாய்களைத் தினமும் கடந்து செல்லும் தமிழர்கள் பலர் இருப்பார்கள். அவற்றை உருவாக்கியவர் இவரே.

ஞாயிற்றுக்கிழமை மௌனம்

நெரிசலுக்கு அப்பால் லைம் ராக்குக்கு மற்றொரு கட்டுப்பாடும் உண்டு. அங்கே ஞாயிற்றுக்கிழமையில் பந்தயம் நடத்த முடியாது. திடலுக்கு எதிரே தேவாலயம் இருக்கிறது, சுற்றிலும் வீடுகள் இருக்கின்றன. அண்டை வீட்டார் தொடுத்த வழக்கில் 1959இல் நீதிமன்றம் ஞாயிறு பந்தயங்களுக்குத் தடை விதித்தது. 2015இல் உள்ளூர் நிர்வாகம் அந்தக் கட்டுப்பாட்டைத் தன் நிலப் பயன்பாட்டு விதிகளிலேயே சேர்த்தது. திடலின் உரிமையாளர்கள் எதிர்த்து வழக்காடினர். ஞாயிறு தடையை விதிக்க உள்ளூர் நிர்வாகத்துக்கு அதிகாரம் உண்டு என்று 2020இல் கனெக்டிகட் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தொலைக்காட்சிக்காகப் பெரும்பாலும் ஞாயிறு பிற்பகலை நாடும் ஒரு தொழிலுக்கு இது சுமை என்பதில் ஐயமில்லை. எனினும், இத்தடையைத் திடலின் பகையாக மட்டும் பார்ப்பது சரியாகத் தோன்றவில்லை. வாரத்தில் ஒரு நாள் அமைதி உறுதி என்பதால்தான் மற்ற நாட்களின் இரைச்சலை அண்டை வீட்டார் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொறுத்துக்கொண்டனர் என்றும் வாதிடலாம். வீடுகள் நெருங்கிவந்து இழுத்து மூடப்பட்ட திடல்கள் அமெரிக்காவில் குறைவல்ல. கலிபோர்னியாவின் ரிவர்சைட் திடல் 1980களின் இறுதியில் மூடப்பட்டு, வணிக வளாகமாகவும் குடியிருப்பாகவும் மாறியது. லைம் ராக் இன்னும் இயங்குகிறது.

அப்படியானால் இம்சா விலகியதற்குப் பாதையின் நீளமின்மைதான் காரணமா? அட்டவணையைப் பார்த்தால் அப்படிச் சொல்லிவிட முடியாது. லைம் ராக் நீங்கிய அதே 2024ஆம் ஆண்டில் டெட்ராய்ட் நகரின் தெருச் சுற்றுப்பாதை அட்டவணையில் சேர்ந்தது. அதன் நீளம் ஏறத்தாழ 2.65 கிலோமீட்டர். லைம் ராக்கைவிடச் சில நூறு மீட்டர்தான் கூடுதல். நெரிசல் பிரச்சினைக்கு அங்கே கண்ட தீர்வும் எளிமையானது: நான்கு பிரிவுகளையும் அழைக்காமல், ஜி.டி.பி., ஜி.டி.டி. புரோ என்ற இரண்டை மட்டும் அழைத்து 100 நிமிடங்களில் பந்தயத்தை முடித்துவிடுவது. லாங் பீச் தெருப் பந்தயமும் அவ்வாறே இரு பிரிவுகளுடன் நடத்தப்படுகிறது.

லைம் ராக்கிலும் 2023இல் ஓடியவை இரண்டு பிரிவுகளே. ஆனால் அவை இரண்டும் ஜி.டி. பிரிவுகள். ஒரே வகைக் கார்கள். ஓட்டுநர்களின் தரத்தால் மட்டுமே பிரிக்கப்பட்டவை. புதிய ஹைபிரிட் புரோட்டோடைப்புகளை அங்கே காண வழியில்லை. டெட்ராய்டில் அவற்றைக் காணலாம். காரணத்தைத் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. டெட்ராய்ட், ஜெனரல் மோட்டார்ஸ் தலைமையகம் உள்ள நகரம். போர்ஷே, பி.எம்.டபிள்யூ., கேடிலாக், அக்யுரா என்று 2023இல் தொடங்கி, பின்னர் லம்போர்கினி, ஆஸ்டன் மார்ட்டின் என விரிந்த தயாரிப்பாளர் வரிசையே இன்று இந்தத் தொடரின் செல்வம். அவர்களுக்குத் தேவை வாடிக்கையாளர்களையும் விருந்தினர்களையும் அமரவைக்க ஒரு நகரம். புல்வெளிச் சரிவு அவர்கள் தேடும் இடமல்ல.

டெட்ராய்டின் தீர்வு மற்றொன்றையும் உணர்த்துகிறது. அங்கே அழைக்கப்படும் இரு பிரிவுகளிலும் வெண்கலத் தர ஓட்டுநருக்குக் கட்டாய இடம் இல்லை. செலவைச் சுமக்கும் அவரை, நெரிசல் மிகுந்த மேடையில் அமைதியாக ஒதுக்கிவிட்டார்கள். பாதுகாப்பு நோக்கில் இது நியாயமான முடிவே. ஆனால் தயாரிப்பாளர்களின் ஆர்வம் அலைபோல் வந்து போகக்கூடியது. முந்தைய அலை வற்றியபோது கார்களைப் பாதையில் நிறுத்திவைத்தவர் பணம் கட்டி ஓட்டியவரே என்பதை அமைப்பாளர்கள் அறியாதவர்கள் அல்லர்.

லைம் ராக் 2021இல் புதிய உரிமையாளர்களின் கைக்கு மாறியது. 2025ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் தேதி நாஸ்கார் அமைப்பின் டிரக் தொடர் முதன்முறையாக அங்கே பந்தயம் நடத்தியது. அதில் ஒரே பிரிவுதான். கடந்து செல்ல வேண்டிய வேறு வகை வாகனம் ஏதுமில்லை. அன்று சனிக்கிழமை.