எந்தத் துறையில் உழைப்புக் கூட?

மருத்துவ பீடத்தில் இறுதி வருடம் வந்ததும் ஒரு கேள்வி துரத்தத் தொடங்கும்: "பிறகு எதில ஸ்பெஷலைஸ் பண்ணப் போறீர்?" ஏ.எல். முடித்த நேரம் "மெடிசின் கிடைச்சிருக்கு" என்றாலே போதுமாக இருந்தது. இப்ப அதுக்குள்ளும் ஒரு தரவரிசை. மாமாவிடமும் சித்தியிடமும் கோயில் வீதியில் காண்கிற ஆக்களிடமும் ஒரு பட்டியல் இருக்கு. இதயநோய், மகப்பேறு, சத்திரசிகிச்சை எல்லாம் மேலே. மனநலம், சமுதாய மருத்துவம், சட்ட மருத்துவம் கீழே. "இவ்வளவு படிச்சுப்போட்டு பிரேதம் வெட்டப் போறீரோ?" என்று முகத்துக்கு நேரேயே கேட்பினம்.

எங்களுக்குள்ளும் ஒரு பட்டியல் ஓடுது. தோல் நோய் என்றால் இரவில் கோல் குறைவு, இன்னதுக்குச் சனலிங் நல்லாப் போகும் என்று சீனியர்மார் சொல்லித் தருவினம். "லைஃப்ஸ்டைலும் நல்லம், உழைப்பும் நல்லம்" என்று ஒரே மூச்சில் சொல்லி முடிப்பினம். எனக்குப் பிரச்சினை இந்த வசனத்தில்தான். இரண்டும் வேறு வேறு விசயம். இலங்கையில் அநேகமாக ஒன்றை மற்றது தின்னும்.

கணக்கைப் பாருங்கோ. அரச மருத்துவமனையில் விசேட வைத்திய நிபுணர்களுக்குத் துறை வாரியாக வேறு வேறு அடிப்படைச் சம்பளம் இல்லை. பெரிய வித்தியாசம் கடமை நேரத்துக்குப் பிறகு பார்க்கிற சனலிங்கில்தான் வருகுது. 1977க்குப் பிறகு அரச வைத்தியர்களுக்குத் திரும்பவும் திறந்துவிடப்பட்ட வழி அது. ஆக, "நல்ல உழைப்பு" என்று நாங்கள் சொல்வது ஒரு மனிசரின் பின்னேரங்களையும் சனி, ஞாயிறுகளையும் விற்று வருகிற காசு. நாலு மணிக்கு வாட்டை விட்டு வெளிக்கிட்டு, இரவு பத்து மணிக்கும் நோயாளர் இலக்கம் கூப்பிட்டுக்கொண்டிருக்கிற நிபுணரிடம் என்ன லைஃப்ஸ்டைல் இருக்கு?

இதுக்காகக் காசு முக்கியமில்லை என்று நான் சொல்ல வரேல்லை. ஐந்து வருடப் படிப்பு, ஒரு வருட உள்ளகப் பயிற்சி, பிறகு பட்டப்பின் படிப்புக்கான தெரிவுப் பரீட்சை, எம்.டி., பெரும்பாலான துறைகளுக்கு வெளிநாட்டுப் பயிற்சி. நிபுணராகி முடிய முப்பதுகளின் நடுப்பகுதி வந்துவிடும். அதுவரை வீட்டுக்காரர் காத்திருப்பினம். 2022 நெருக்கடிக்குப் பிறகு எத்தனை பேர் நாட்டை விட்டுப் போனவை என்று எல்லாருக்கும் தெரியும். தங்கச்சியின் படிப்பையும் வீட்டுக் கடனையும் நினைத்துத் துறை எடுக்கிற ஒருவரைப் பார்த்து "சேவை மனப்பான்மை இல்லை" என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

இரவில் நித்திரை வேணும், பிள்ளையோடு இருக்க வேணும் என்று நினைப்பதும் குற்றமில்லை. பெண் வைத்தியர்கள் இதைச் சொன்னால் "அர்ப்பணிப்பு இல்லை" என்பதும், ஆண்கள் சனலிங்குக்காக ஓடினால் "கெட்டிக்காரன்" என்பதும் எங்கட சமூகத்தின் கள்ளக் கணக்கு.

"விருப்பமானதைச் செய்" என்ற அறிவுரையையும் அப்படியே விழுங்க ஏலாது. சில கிழமை கிளினிக்கல் அப்பொயின்ட்மென்டில் நாங்கள் காண்பது ஒரு துறையின் திருவிழா நாளைத்தான். நல்லாப் படிப்பிக்கிற ஒரு சேர் கிடைத்தால் அந்தத் துறையே பிடித்துவிடும். அரிதான நோயைக் கண்டுபிடிக்க எல்லாருக்கும் விருப்பம். நூறாவது படர்தாமரையையும், மருந்தை ஒழுங்காகப் போடாத நீரிழிவுக்கார ஐயாவையும் சலிக்காமல் பார்க்க முடியுமா? அதுதான் விருப்பத்துக்கான பரீட்சை. ஒரு துறையின் மிகச் சாதாரண நாளை உங்களால் தாங்க முடிந்தால் அது உங்கட துறை.

இது தனியாள் தெரிவோடு முடிகிற விசயமும் இல்லை. சனலிங்தான் துறைகளின் பெறுமதியைத் தீர்மானிக்கும் என்றால், சனல் பண்ணக் காசில்லாத நோயாளிகளின் துறைகளுக்கு ஆட்கள் வராயினம். இறந்தவர் சனல் பண்ண மாட்டார். ஆனால் 2018இல் மன்னாரிலும், 2023இல் கொக்குத்தொடுவாயிலும், 2025இல் செம்மணியிலும் மண்ணுக்குள்ளிருந்து எலும்புக்கூடுகள் வெளிவந்தபோது, அங்கே நின்று பார்க்கச் சட்ட வைத்திய அதிகாரிகள்தான் தேவைப்பட்டினம். பேராசிரியர் தயா சோமசுந்தரம் போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவராக வேலை செய்து, இந்தச் சனத்தின் மனக்காயங்களை எழுதி வைத்திராவிட்டால் எங்களுக்கு என்ன நடந்தது என்பதில் பாதி பதிவாகாமலே போயிருக்கும். கோயில் வீதிப் பட்டியலின் அடியில் கிடக்கிற துறைகள்தான் வடக்கு கிழக்குக்கு மிகவும் தேவையானவை.

தியாகம் செய்யச் சொல்லி இளம் வைத்தியர்களுக்குப் பிரசங்கம் வைத்து இதைத் தீர்க்க ஏலாது. தனியார் வருமானத்துக்கு வழியில்லாத துறைகளுக்கு அரசு தனிக் கொடுப்பனவு கொடுக்க வேணும். தூர மாவட்டங்களில் வேலை செய்கிறவைக்கு வீடும், பிள்ளைகளுக்குப் பாடசாலையும் உறுதிப்படுத்த வேணும். ஊர்ச்சனம் தங்கட பட்டியலைக் கிழித்துப் போட வேணும். அதுக்கு ஒரு சதமும் செலவில்லை.

துறை தேடுகிற தம்பி தங்கச்சிமாருக்கு ஒன்று: சீனியர்மாரிடம் "எவ்வளவு உழைக்கிறீங்கள்?" என்று கேட்கிற நேரம், "போன செவ்வாய்க்கிழமை காலமையிலிருந்து இரவு வரை என்ன செய்தனீங்கள்?" என்றும் கேளுங்கோ. நாளைக்கு நீங்கள் வாழப்போவது அந்தச் செவ்வாய்க்கிழமையைத்தான்.