நடுநிலை என்ற கள்ளத் தராசு

கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு தட்டில் ஏற்கெனவே கல்லை ஏற்றி வைத்துவிட்டு, "இனி எந்தத் தட்டிலும் யாரும் கை வைக்கக் கூடாது, நாங்கள் நடுநிலையாளர்கள்" என்று ஒருவன் சொன்னால் அவனுக்கு என்ன பெயர்? 1992 முதல் 1995 வரை போஸ்னியாவில் ஐ.நா. சபை பிடித்தது இந்தத் தராசைத்தான்.

1991 செப்டம்பர் 25 அன்று பாதுகாப்புச் சபை 713ஆம் தீர்மானத்தை நிறைவேற்றி யூகோஸ்லாவியா முழுவதற்கும் ஆயுதத் தடை விதித்தது. பெல்கிரேடு அரசே இதை வரவேற்றது. ஏன் வரவேற்காது? டாங்கிகளும் பீரங்கிகளும் அதன் ராணுவத்திடம்தானே இருந்தன! 1992 மே மாதம் அந்த ராணுவம் போஸ்னியாவிலிருந்து 'வாபஸ்' ஆனபோது, அந்தத் தளவாடங்களில் பெரும்பகுதி ராட்கோ மிலாடிச்சின் போஸ்னிய செர்பியப் படைக்குக் கைமாறியது. அதே மாதம் 22ஆம் தேதி போஸ்னியா ஐ.நா.வின் உறுப்பு நாடானது. தாக்கப்படும் நாட்டுக்குத் தற்காப்பு உரிமை உண்டு என்கிறது ஐ.நா. சாசனத்தின் 51ஆம் பிரிவு. ஆனால் தான் பிறப்பதற்கு முன்பே விதிக்கப்பட்ட தடையை அந்த நாடு சுமக்க வேண்டியதாயிற்று.

தடையை நீக்கக் கோரும் தீர்மானம் 1993 ஜூன் 29 அன்று வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 6, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. 9 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டன. தேவையான 9 வாக்குகள் கிடைக்காமல் தீர்மானம் செத்தது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே ஒரு தேசத்தின் கழுத்தை நெரிக்கலாம் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? தடையை நீக்கினால் இரு தரப்புக்கும் சமமான கொலைக்களம்தான் உருவாகும் என்றார் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் டக்ளஸ் ஹர்ட். அப்படியானால் சமமில்லாத கொலைக்களம் பரவாயில்லையா?

"பல நூற்றாண்டு இனப்பகை, நாம் என்ன செய்ய முடியும்" என்றும் ராஜதந்திரிகள் கைவிரித்தார்கள். இளைஞர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சரயேவோவைக் காத்து நின்ற போஸ்னிய ராணுவத்தின் துணைத் தளபதி யோவான் திவ்யாக் ஒரு செர்பியர்! அங்கே நடந்தது மதங்களின் சண்டை என்று யாராவது சொன்னால் இந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

ஆயுதம் தர மறுத்தவர்கள் பாதுகாப்பாவது தந்தார்களா? 1993 ஏப்ரலில் ஸ்ரெப்ரெனிகாவைப் 'பாதுகாப்புப் பகுதி' என்று அறிவித்தார்கள். உள்ளே இருந்தவர்களிடம் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொன்னார்கள். சரயேவோ உட்பட மேலும் ஐந்து ஊர்களுக்கும் அதே பெயர் சூட்டினார்கள். ஆறு ஊர்களையும் காக்க 34,000 வீரர்கள் தேவை என்று மதிப்பிடப்பட்டது. அனுமதித்தது 7,600 பேரை. 1995 ஜூலை 11 அன்று மிலாடிச் ஸ்ரெப்ரெனிகாவுக்குள் நுழைந்தபோது அங்கிருந்தது சில நூறு டச்சு வீரர்கள். அடுத்த சில நாட்களில் 8,000க்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள்.

முஸ்லிம் நாடுகளையும் விட்டுவைக்க முடியாது. தடை இனிச் செல்லாது என்று இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் தொடர்புக் குழு ஜெனீவாவில் அறிவித்தது 1995 ஜூலையில். ஸ்ரெப்ரெனிகா விழுந்த பிறகு! ஜனாஸாவுக்குப் பிறகு வந்த வைத்தியர்!

தடை போஸ்னியாவின் தற்காப்பு உரிமையைப் பறித்துவிட்டது என்று 1999இல் கோஃபி அன்னானின் அறிக்கையே ஒப்புக்கொண்டது. ஸ்ரெப்ரெனிகாவில் நடந்தது இனப்படுகொலை என்று சர்வதேச நீதிமன்றம் 2007இல் தீர்ப்பளித்தது. மிலாடிச்சின் ஆயுள் தண்டனை 2021இல் உறுதியானது. எல்லாம் வந்தது, தாமதமாக.

1995 ஆகஸ்ட் இறுதியில் நேட்டோ குண்டு வீசத் தொடங்கிய சில வாரங்களிலேயே பேச்சுவார்த்தைக்கு வழி பிறந்தது. அந்த நவம்பரில் டேட்டன் ஒப்பந்தம் முடிவானது. நிலத்தில் 51 சதவீதம் போஸ்னிய-குரோவேஷியக் கூட்டமைப்புக்கு, 49 சதவீதம் செர்பியக் குடியரசுக்கு என்று பங்கு போட்டார்கள். ஸ்ரெப்ரெனிகா எந்தப் பங்கில் போனது தெரியுமா சகோதரர்களே? செர்பியக் குடியரசின் பங்கில். இன்றும் அங்கேதான் இருக்கிறது.