ஃபில்டர் மாத்தின கார் நடுங்குதா? பர்ஸைத் திறக்கும் முன்னாடி இதைப் படிங்க

போனஸ் வந்ததும் பலர் காருக்கு கோன் ஏர் ஃபில்டர் மாட்டுறாங்க. அடுத்த வாரமே சிக்னல்ல நின்னா வண்டி நடுங்குது, சில நேரம் ஆஃப் ஆகுது. உடனே பிளக், காயில், ஃப்யூயல் பம்ப்னு ஒவ்வொன்னா மாத்துறாங்க. என்னைக் கேட்டா, இது சூதாட்டம்.

செலவில்லாத சோதனையில் தொடங்குங்க. முதல்ல பழைய கம்பெனி ஃபில்டரையே மாட்டுங்க. நடுக்கம் நின்னா காரணம் தெரிஞ்சிடும். நிக்கலையா? ஹோஸ், கிளாம்ப், சென்சார் கனெக்டர் சரியா உட்கார்ந்திருக்கான்னு பாருங்க. சென்சார் அளக்காத காத்து உள்ளே போனா கலவை தப்பிடும். ஐடிலிங்ல அது நல்லாவே தெரியும். அப்புறம் ஓபிடி ஸ்கேனர். பி0171 வந்தா, கலவையில் பெட்ரோல் குறைவுன்னு அர்த்தம். எண்ணெய் தடவுற ஃபில்டர்னா, ஏர்ஃப்ளோ சென்சார்ல எண்ணெய் படிஞ்சிருக்கலாம். அதுக்குன்னே விக்கிற கிளீனர் ஸ்ப்ரே அடிச்சுப் பாருங்க. புது பார்ட் வாங்குறது கடைசி.

அரியலூர், பெரம்பலூர் பக்கம் ஓட்டுறவங்க இன்னும் யோசிக்கணும். சுண்ணாம்புக்கல் லாரியும் சிமென்ட் தூசியும் உள்ள ரோட்டுல, காத்தை அதிகம் விடுற ஃபில்டர் தூசியையும் உள்ளே விடலாம். தேயுறது இன்ஜின், இஎம்ஐ கட்டுறது நீங்க.

ஃபில்டரோட நிக்காம இன்ஜின், பாடின்னு கை வெச்சா, வாரன்டி சிக்கலாகும். 2019 திருத்தப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமும் உண்டு.

அந்தக் காசை எமர்ஜென்சி ஃபண்டுல போடுங்க. நாலு டயரும் பேட்டரியும் ஒருநாள் கட்டாயம் கேட்கும்.