பெருமை போதாது, பயிற்சி வேண்டும்

நாற்பது அகவையைக் கடந்த ஒருவர் தற்காப்புக்கலை ஒன்றைப் புதிதாகக் கற்க முனைந்தால், "இந்த அகவையிலா?" என்று நகைப்பவரே பலர். நகைப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. வளர்ந்தோர் கிழமைக்கு இரண்டரை மணி முதல் ஐந்து மணி நேரம் வரை மிதமான உடலுழைப்புக் கொள்ளவேண்டும் என்றும், தசைகளை வலுவாக்கும் பயிற்சியை இரண்டு நாளேனும் செய்யவேண்டும் என்றும் உலக நலவாழ்வு அமைப்பு 2020இல் நெறி வகுத்தது. 65 அகவை எய்தியோர் நிலைதடுமாறாமல் நிற்றற்குரிய பயிற்சியை மூன்று நாள் செய்யவேண்டும் என்றும் அது கூறுகின்றது. ஆகவே, கற்கலாமா என்ற வினாவிற்கு விடை முன்னரே கிடைத்துவிட்டது. எதைக் கற்பது என்பதே எஞ்சிய வினா.

சூடோ, சிகோரோ கானோ என்பவர் 1882இல் சப்பானில் வகுத்த கலை. பற்றி வீழ்த்துவதே அதன் உயிர்; ஆதலால் ஊறின்றி விழும் முறையை முதலிற் கற்பிப்பர். விழக் கற்றல் முதுமைக்கும் துணையாகும். எனினும், முதுகும் தோள்மூட்டும் நலிந்தவர் பன்முறை விழுந்தெழுவது எளிதன்று. கொரியரின் தேக்குவண்டோ உயர எழும் உதைகளாற் சிறந்தது. இடுப்பு இறுகிய ஐம்பது அகவையர்க்கு அவ்வுதை உடனே கைவாராது. கராத்தேயில் தனித்து நின்று பயிலும் வரிசைகள் உள. தம் அளவறிந்து பயில்வார்க்கு அது ஏற்றதே. அயலார் கலைகள் என்பதனாலேயே இவை இழிந்தவை ஆகிவிடா. பிறர் கலையைப் பழிப்பதால் தம் கலை வளர்ந்துவிடுவதும் இல்லை.

இனி, சிலம்பம். சிலம்புதல் என்றால் ஒலித்தல். சுழலும் கம்பின் ஒலியைக் கேட்டவர்க்கு அப்பெயரின் பொருத்தம் விளங்கும். நெற்றியளவு மூங்கிற்கம்பு, திறந்த வெளி, நல்லாசான் ஒருவர் ஆகிய மூன்றும் இருந்தால் தொடங்கிவிடலாம். முதலிற் கற்பது காலடி. காலடி நிலைத்தபின் வீச்சு. அதன்பின் தடுப்பும் குத்தும். எதிராளி வருவது அவற்றிற்குப் பின்னரே. கம்பு வலக்கையிலும் இடக்கையிலும் மாறிச் சுழல்வதால் உடலின் இருபுறமும் ஒப்ப உழைக்கின்றன. விரைவைக் கூட்டுவதும் குறைப்பதும் பயில்வோர் கையிலேயே உள்ளன. உதைபடாமலும் வீழாமலும் தொடங்கக்கூடிய கலை என்பதே நடு அகவையினர்க்கு இதன் தனிச்சிறப்பு. குறையும் இல்லாமலில்லை. இடம் மிகுதியாக வேண்டும். கருத்துத் தவறினால் கம்பு விரற்கணுவையும் கண்ணையும் தாக்கும். குருதியழுத்தமோ மூட்டுநோயோ உடையவர் மருத்துவரைக் கேட்டே களமிறங்குதல் வேண்டும்.

எக்கலையாயினும் ஆசானைத் தேர்வதே தலையாயது. பணங் கட்டுமுன் ஒருநாள் களத்தோரம் நின்று பார்த்தல் நன்று. அங்குள்ள மூத்த மாணவரை ஆசான் எவ்வாறு நடத்துகின்றார், நோவு என்றவரை நிறுத்துகின்றாரா விரட்டுகின்றாரா என்று காண்க. சில திங்களிலேயே கருங்கச்சை கட்டிவிடுவதாகச் சொல்பவரிடம் கலையை எதிர்பார்த்தல் வீண்.

தமிழன்பர்க்குச் சொல்லவேண்டியது மற்றொன்றும் உண்டு. போதிதருமர் காஞ்சியினின்று சென்று சீனத்துச் சாவோலின் மடத்தார்க்குத் தமிழர் போர்க்கலையைக் கற்பித்தார் என்று மேடைதோறும் முழங்குகின்றனர். 2011இல் வந்த 'ஏழாம் அறிவு' திரைப்படத்திற்குப்பின் இம்முழக்கம் பெருகிற்று. ஆனால், அவரை அம்மடத்தாரின் உடற்பயிற்சியோடு பிணைக்கும் சீன நூல் 17ஆம் நூற்றாண்டினது. அவர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்திற்கு ஆயிரம் ஆண்டுகள் பிற்பட்டது. சீனப் போர்க்கலை வரலாற்றறிஞர் தாங் காவோ 1930களிலேயே அக்கதையை மறுத்துவிட்டார். சான்றில்லாப் பெருமை, தமிழரை இகழ்வார் கையில் தமிழரே எடுத்துக் கொடுக்கும் கம்பாகும். கண்முன் களமாடும் சிலம்பத்திற்கு அத்தகைய முட்டுக்கொடுப்பு எதற்கு?

2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்ற கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. மகிழத்தக்கதே. ஆயினும், பிள்ளையைக் களத்தில் விட்டுவிட்டு ஓரத்தில் நின்று கைதட்டும் பெற்றோரால் ஒரு கலை வாழ்ந்துவிடாது. ஒகினாவாத் தீவின் கராத்தேயை 1922இல் தோக்கியோவிற்குக் கொண்டுசென்று பரப்பிய கிச்சின் புனகோசி, இளமை முதல் அதனைப் பயின்ற ஒரு பள்ளியாசிரியர். அப்போது அவர்க்கு அகவை 53. ஐம்பது கடந்தவர் தோளிலும் ஒரு கலை ஊர்விட்டு ஊர் செல்லும் என்பதற்கு அவரே சான்று.

அக்கலையோடு அவர்தம் மொழியும் சென்றது. இன்று உலகின் எத்திசையிலும் கராத்தே பயில்வோர் 'இச்சி, நீ, சான்' என்று சப்பானிய எண்களையே எண்ணுகின்றனர். தமிழ்ச் சிறுவரும் அவ்வாறே எண்ணுகின்றனர். சிலம்பக் களங்கள் சிலவற்றிலோ 'ஒன், டூ, திரீ' ஒலிக்கின்றது! சப்பானியர் கலை தமிழ்நாட்டிலும் தன் மொழியை விடவில்லை. தமிழர் கலை தமிழ்நாட்டிலேயே விட்டுக்கொடுப்பதா? இதனைத் திருத்த ஆணையும் வேண்டா, மாநாடும் வேண்டா. களத்தில் நிற்கும் மூத்தவர் ஒருவர் ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணினாற் போதும், இளையோர் தொடர்வர்.

உடல் ஏற்குமாயின் சிலம்பத்தைத் தேர்க. ஏலாதாயின் ஏற்பதைத் தேர்க. எதைத் தேரினும் நாள்தோறும் பயில்க. தமிழர் வீரம் பற்றி ஒரு மணி நேரம் பேசுபவர், அதிற் பாதி நேரமேனும் கம்பெடுத்துச் சுழற்றுவாராக!